எட்டு நிமிஷ நீராவி

1986 வைகாசியில் நான் ஒரு முடிவு எடுத்தேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது. அதில் ஜெயிப்பது. ஜெயித்த பிறகும் அவளுக்குத் தெரியாமலே வைத்துக்கொள்வது. இந்த மூன்றில் கடைசியை மட்டும் கொஞ்சம் யோசித்திருந்தால், முதல் இரண்டின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

என் பெயர் ஏசுவடியான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பாய்லர் அட்டெண்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ். மனைவி பெயர் இன்பம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இன்பத்தோடு வாழ்கிறேன் என்று யாரிடமும் சொல்லலாம், இலக்கணப்படி அதில் பொய் கிடையாது. என் பெயரை முழுதாகச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. முதல் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வாள். ஏசுவாள்.

இன்பம் வீட்டிலேயே பால்கோவா போடுகிறவள். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சார்ப்பு, அதில் இரண்டு விறகு அடுப்பு, இரண்டு பெரிய சட்டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு கடைக்குக் கொடுப்பாள். கல்யாணம், காதுகுத்து என்றால் தேடி வந்து ஆர்டர் சொல்வார்கள். 'இன்பம் கோவா' என்றால் ஊரில் ஒரு பேர் உண்டு. ஏசுவடியான் என்றால் 'யாரு, இன்பம் வீட்டுக்காரரா' என்று கேட்பார்கள்.

மில்லில் நான் வேறு ஆள். ஏழு கிலோ பிரஷரை என் கையில் வைத்திருப்பவன். நான் வால்வைத் திறந்தால் நீராவி போகும். மூடினால் நிற்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைக்கூட என் நீராவிதான் காய்ச்சுகிறது. அதற்கென்று இரட்டைச் சுவர்ப் பாத்திரம் இருக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவில் நீராவி ஓடும், உள்ளே இருப்பது அடிப்பிடிக்காமல் வேகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இதே மாதிரி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டால், வீட்டிலும் ஒரு வால்வு என் கையில் இருக்கும்.

பழைய இரும்புக் கடை வீரணனிடம் அப்படி ஒரு பாத்திரம் கிடைத்தது. எவர்சில்வர். இருபத்தைந்து லிட்டர் கொள்ளும், அடியில் குழாய் உண்டு. அளவு சரியில்லை என்று ஏதோ மில்லில் ஒரு நாள்கூடப் புழங்காமல் ஒதுக்கியது. கூடவே இருபது லிட்டரில், மண்ணெண்ணெயில் எரிகிற ஒரு குட்டி பாய்லர் செய்தேன். இருபத்திரண்டே முக்கால் லிட்டரைத் தாண்டினால்தான் பாய்லர் சட்டம் நம்மைத் தேடி வரும். எனக்குச் சட்டத்துக்கும் பயம், இன்பத்துக்கும் பயம். ஒன்றையாவது குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருபது.

சார்ப்பில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து அவளைக் கூப்பிட்டேன்.

"இது என்னது?"

"நீராவிப் பாத்திரம். ஒனக்குத்தான். இனிமே வெறகு வேண்டாம், பொகை வேண்டாம். அடிப்பிடிக்காது."

"மில்லுல இதுல என்ன செய்வாக?"

"கஞ்சி காய்ச்சுவாக."

"அப்பக் கஞ்சி காய்ச்சுங்க."

விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து லிட்டர் பாலை ஊற்றிக் கோவா போட்டுக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று வந்தது, கல்யாண வீட்டுச் சுண்ணாம்பு மாதிரி. இன்பம் ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"எப்படி இருக்கு?"

"ஆசுபத்திரியில குடுக்கலாம்."

"சத்து அம்புட்டும் அப்படியே இருக்கும்ட்டி."

"இருக்கட்டும். நெருப்பு பட்டாத்தான் நெறம். நெறம் வந்தாத்தான் ருசி. இதுல ரெண்டும் இல்ல. என் பேரச் சொல்லி இத வெளிய அனுப்பாதீங்க."

அதோடு என் பாத்திரம் சார்ப்பின் மூலைக்குப் போயிற்று. அவள் அதைத் தொடுவதே இல்லை. நான் மட்டும் வாரம் ஒரு தடவை துடைத்து வைப்பேன்.

இந்த நிலைமையில்தான் மாஸ்டர் வீட்டுக் கல்யாணம் வந்தது. மாஸ்டர் சுப்பராஜா எங்கள் பகுதிக்கு மேலதிகாரி. என் ஷிப்டு, என் லீவு, என் சம்பள உயர்வு எல்லாம் அவர் பேனாவில். மகளுக்கு வைகாசி கடைசி ஞாயிறு முகூர்த்தம். என்னைக் கூப்பிட்டார்.

"ஏசுவடியான், மீ இன்ட்டி, உங்க வீட்டுக் கோவாதான் வேணும்னு வீட்டுல சொல்றாங்க. இருபத்தஞ்சு கிலோ. முடியுமா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யோக்கியன் அப்படித்தான் சொல்லுவான். நான் சொன்னது, "முப்பதுன்னாலும் தாரோம் சார்."

அந்த வருஷம் கோடை ஒரேயடியாகக் காய்ந்தது. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் மகாராஜபுரம் மொக்கைச்சாமி. கல்யாண வாரம் செவ்வாய்க்கிழமை வந்து வாசலில் நின்றார்.

"தாயி, வெள்ளிக்கெழம நாலு கேன் கேட்டீகள்ல. மூணுதான் வரும். மேயப் புல்லில்ல. நாலாவது கேன் வேணும்னா என்னையத்தான் கறக்கணும்."

இருபத்தைந்து கிலோவுக்கு எண்பது லிட்டர் வேண்டும். மூன்று கேன் என்றால் அறுபது லிட்டர். இன்பம் ஒரு நொடியில் தீர்த்துவிட்டாள்.

"மாஸ்டர்கிட்டப் போயிச் சொல்லுங்க. பால் இல்ல, பதினெட்டுக் கிலோதான் முடியும்னு. கல்யாண வீட்டுல வேற பலகாரம் இல்லாமயா இருக்கும்?"

அந்த வாரம் எனக்குச் சாயங்கால ஷிப்டு. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் அறைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"பிரஷர் நல்லாருக்கு சார்."

புதன்கிழமை மறுபடி போனேன்.

"என்ன?"

"தண்ணி லெவலும் நல்லாருக்கு சார்."

வியாழக்கிழமை நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார். "கோவா எப்படிப் போகுது?"

"ஜோராப் போகுது சார்."

அப்போது கோவாவும் போகவில்லை, பாலும் வரவில்லை. போய்க்கொண்டிருந்தது என் உயிர் மட்டும்தான். தூங்கப் படுத்தால் வெறும் கேன் நாலு காலோடு என்னைத் துரத்துகிறது. சோற்றில் கை வைத்தால் மாஸ்டர் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.

புதன்கிழமை மில்லுக்குப் போகிற வழியிலேயே ஒரு வழி கிடைத்திருந்தது. ராஜபாளையத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் விவசாயக் கண்காட்சி. நிழலுக்கு ஒதுங்கினேன். ஒரு கடையில் சோயா மொச்சையைக் குவித்து வைத்து, அதிலிருந்து பால் எடுத்துக் குவளையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்வைக்குப் பசும்பால் தோற்றது. அங்கே இருந்த அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டு விளக்கினார்.

"பால்ல இருக்கற மாதிரி புரதம் இதுலயும் இருக்கு. ஆனா பச்சையாக் குடிக்கக் கூடாது. பச்சை மொச்சையில செரிமானத்தைத் தடுக்கிற ஒண்ணு இருக்கு. நீராவியில இருபது நிமிஷம் வெந்தாத்தான் அது அடங்கும். பச்சை வாடையும் போகும்."

"இருபது நிமிஷத்துக்குக் கொறஞ்சா?"

"வயிறு சும்மா இருக்காது."

நீராவி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆண்டவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. ஒரு கேன் சோயாப் பால். அறுபது லிட்டர் பசும்பாலோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? நிறத்துக்கு விறகு அடுப்பு இருக்கிறது. நாலு கேனுக்கு நாலு கேன் ஆயிற்று. மாஸ்டருக்கு வாக்குக் கொடுத்ததும் ஆயிற்று. மூலையில் கிடக்கிற என் பாத்திரத்துக்கும் ஒரு விமோசனம். மூன்று கிலோ மொச்சை வாங்கினேன். அவர் கொடுத்த நோட்டீசை ஒரு பக்கம் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மில்லிலிருந்து திரும்பியபோது இன்பம் விழித்திருந்தாள்.

"இன்னிக்கு ராஜபாளையம் போயி மாஸ்டரம்மாவப் பாத்தேன். அந்தக் கோவா வெசயமா..."

காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறாள் என்று குறுக்கே விழுந்தேன்.

"கோவா பேச்ச விடு. அது என் பொறுப்பு. நாலு கேன் பாலும் வந்துரும்."

"வந்துருமா?"

"வந்துரும்."

என்னைச் செத்த நேரம் பார்த்தாள். "சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் 'சரி'. அதற்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மொச்சையை என் பாத்திரத்துக்குள்ளேயே ஊறப்போட்டு மூடிவிட்டேன். அவள்தான் அந்தப் பக்கமே வருவதில்லையே. பதினொரு மணிக்கு இன்பம் சர்ச்சில் உபவாச ஜெபத்துக்குப் போனாள். மூன்று மணி வரைக்கும் நடக்கும். அங்கே அவள் பரிசுத்த ஆவிக்குக் காத்திருப்பாள், இங்கே நான் நீராவிக்குக் காத்திருப்பேன்.

எங்கள் கிரைண்டரில் அரைத்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டு சேஷுவிடம் போனேன். சேஷு ஆண்டாள் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய மனைவி கமலவல்லி அப்போது வெளியே போயிருந்தாள்.

"ஓய், என்னத்தை வேணும்னாலும் அரையும். மூணு மணிக்கு அவ வந்துடுவா. அதுக்குள்ள கல்லை மூணு தரம் அலம்பிடணும்."

"அலம்பிருவோம் சாமி."

"அவ மோப்பம் உமக்குத் தெரியாது."

"எங்க வீட்டு மோப்பம் உங்களுக்குத் தெரியாது."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கல் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு வேறு சாமி கும்பிட்டாலும் பயம் ஒன்றுதான்.

"ஆமா, எதுக்கு ஓய் இது?"

"ஆராய்ச்சி."

"ஆத்துக்காரிக்குத் தெரியாமப் பண்ற எதையும் நான் ஆராய்ச்சின்னு சொல்லமாட்டேன்" என்றார் சேஷு.

ஒரு மணிக்கு மொக்கைச்சாமி மூன்று கேன் பாலை இறக்கிவிட்டுப் போனார். அரைத்ததைத் துணியில் வடிகட்டி முடிக்கும்போது ஒன்றே முக்கால். குட்டி பாய்லரில் பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வால்வைத் திறந்தேன். நீராவி உள்ளே போகிற சத்தம் கேட்டதும் செவ்வாய்க்கிழமையிலிருந்து அடைத்திருந்த மூச்சு எனக்கு வெளியே வந்தது. இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு மூட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிண்டினேன்.

சரியாக இரண்டு மணிக்கு முன்வாசல் கொண்டி சத்தம்.

"ஏங்க, கதவ ஏன் சாத்தி வச்சிருக்கீக? பாஸ்டரம்மாவுக்குக் காய்ச்சல். கூட்டம் பாதியில முடிஞ்சு போச்சு."

எட்டு நிமிஷம். எட்டே நிமிஷம். வால்வை மூடினேன். அடிக்குழாயைத் திறந்து அத்தனையையும், நாலாவதாகத் தயாராக வைத்திருந்த வெறும் கேனுக்குள் இறக்கினேன். மோந்து பார்த்தேன். பச்சை மொச்சை வாடை மூக்கில் குத்தியது. அலமாரியில் ஏலக்காய்ப் பொடி இருந்தது. ஒரு பிடி அள்ளிப் போட்டேன். மூடியை அழுத்திவிட்டுத் திரும்பினால் இன்பம் நிற்கிறாள்.

"நாலு கேன் இருக்கு?"

"சொன்னேம்லா. வந்துரும்னு."

ஒவ்வொரு கேனாகத் திறந்து பார்த்தாள். நாலாவதுக்கு வந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"இது யார் வீட்டுப் பாலு?"

"மொக்கைச்சாமிக்குத் தெரிஞ்ச ஆளு."

"சுடுதே."

"இப்பத்தான் கறந்தது."

"ஏலக்கா வாசம் அடிக்கு."

என் மூளை அந்த நேரத்தில் வேலை செய்த வேகத்தில் பாதியை மில்லில் காட்டியிருந்தால் நான் இப்போது என்ஜினியர்.

"செண்பகத்தோப்புப் பக்கம் மேஞ்ச மாடு. மலையடிவாரம் பாரு. கண்டதையும் திங்கும்."

"அப்படியா."

இன்பம் 'அப்படியா?' என்று கேட்டால் பதில் சொல்லித் தப்பிக்கலாம். 'அப்படியா' என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூடியைப் போட்டாள். "ஒங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. போங்க. நான் அடுப்ப மூட்டுதேன்" என்றாள்.

பாலைக் கலக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக உறைத்தது. இருபது நிமிஷம் வேண்டியதற்கு எட்டு நிமிஷம். வயிறு சும்மா இருக்காது என்றாரே. யாருடைய வயிறு? மாஸ்டர் வயிறு. மாஸ்டரம்மா வயிறு. மாப்பிள்ளை வயிறு. மேடையில் தாலி கட்டப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து பின்பக்கம் ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் புரோகிதர். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைப் போட்டுவிட்டு. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "எட்டு நிமிஷம்" என்றேன்.

சனிக்கிழமை விடிந்தபோது சார்ப்பில் கோவா தகர டப்பாக்களில் அடைத்து, துணி சுற்றித் தயாராக இருந்தது. நிறம் அருமை. இன்பம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நாலு தடவை சமையல்கட்டு வாசல் வரைக்கும் போனேன். நாலு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மத்தியானம் சோற்றுக்கு முட்டைப் பொரியல் வைத்தாள். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை டப்பாக்களோடு ராஜபாளையம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்பம் நேராக மாஸ்டரம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் நேராகப் பந்திக்குப் போனேன். கோவா வாளியைச் சமையல்காரரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். வேறு யார் பரிமாறினாலும் கரண்டி நிறைய வைப்பார்கள். நான் வைத்தால் ஆளுக்குச் சுண்டைக்காய் அளவு. பாதிப்புக் குறையும் பாருங்கள்.

மூன்றாவது இலையில் மாஸ்டருடைய பெரியப்பா. எண்பது வயசு இருக்கும்.

"என்னய்யா, கோவா வைக்கச் சொன்னா பொட்டு வச்சிட்டுப் போறீரு?"

"சுகர் இருக்கும்லா ஐயா."

"சுகருக்கு என்னைக் கண்டா பயம். வையும்."

இன்னொரு பொட்டு வைத்தேன்.

"இது பால்கோவாவா, பால்கோபமா? அந்த வாளிய இங்க வையும்."

வாளியை அவரே இழுத்து வைத்துக்கொண்டார். கரண்டியால் மூன்று முறை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எண்பது வயசு வயிறு. அடுத்தடுத்த இலைகளிலும் அதே கதைதான். அந்த வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள். போதும் என்பதற்கு 'சாலு' என்பார்கள். யாராவது ஒருத்தர் வாயிலிருந்து 'சாலு' வருமா என்று வரிசை முழுவதும் காது கொடுத்துக்கொண்டே போனேன். ரசத்துக்குச் சொன்னார்கள். அப்பளத்துக்குச் சொன்னார்கள். கோவாவுக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

முதல் பந்தி முடிந்து எழுந்தார்கள். பின்பக்கம் போகிறவர்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. மூன்று. ஏழு. பதினொன்று. போனவர்கள் வரிசையாகக் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நேரம் ஆகும், செரிமானம் என்பது உடனே தெரிகிற விஷயமா?

இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். இன்னும் இருநூறு வயிறு. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் தின்கிற ஒவ்வொரு கரண்டியும் ஒரு விருந்தாளியைக் காப்பாற்றும். செய்தவன் நான், அனுபவிக்க வேண்டியவனும் நான்தான். சமையல் கூடத்துத் தூணுக்குப் பின்னால் வாளியோடு உட்கார்ந்தேன். முதல் கால் கிலோ ருசியாக இருந்தது. அரைக் கிலோவில் நெஞ்சை அடைத்தது. அதற்கு மேல் தின்றது முழுக்க மனசாட்சிக்காக. கிட்டத்தட்ட ஒரு கிலோ.

பத்து நிமிஷத்தில் நான் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி போனேன். அந்தக் கல்யாணத்தில் முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். அந்தப் பாதையில் ஓடியவன் நான் ஒருத்தன்தான். மூன்றாவது முறை திரும்பும்போது மாஸ்டர் எதிரே வந்துவிட்டார்.

"ஏசுவடியான், என்ன ஒரு மாதிரி இருக்கீங்க?"

"பிரஷர் சார்."

"ஏறிடுச்சா?"

"எறங்கிட்டு இருக்கு சார்."

அந்தப் பக்கம் பார்த்தேன். இன்பமும் மாஸ்டரம்மாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்பம் ஒரு சின்னத் தூக்குவாளியைத் திறந்து எதையோ கொடுக்க, மாஸ்டரம்மா வாயில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை.

மத்தியானம் ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறினோம். இனிமேல் தாங்காது என்று தோன்றியது. மாஸ்டர் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அவளுக்கு நானே சொல்லிவிடுவது மேல்.

"இன்பம், ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல ஜன்னல் பக்கம் நகந்து உக்காருங்க. மூஞ்சியப் பாத்தா வாந்தி எடுத்துருவீக போல."

நகர்ந்தேன். "அந்த நாலாவது கேனு..."

"சோயா."

பஸ் கொஞ்ச தூரம் போயிற்று.

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கெழம காலையில ஒங்க சட்டையத் தொவைக்கப் போட்டேன். பையில நோட்டீசு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் படிச்சேன். வெள்ளிக்கெழம நீங்க ஷிப்டுக்குப் போனதும் கமலவல்லி மாமி சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, 'உங்காத்துக்காரர் எங்க கிரைண்டர்ல என்னத்தை அரைச்சார், ஒரே மொச்சை வாடையா இருக்கே'ன்னு கேட்டாக."

சேஷு மூன்று தரம்தான் அலம்பியிருப்பார். நாலாவது தரம் அலம்பியிருக்க வேண்டும்.

"அப்பக் கோவாவுல அத ஊத்தல?"

"ஒரு சொட்டுக் கெடையாது. மூணு கேன் பாலு, பதினெட்டுக் கிலோ. வியாழக்கெழமயே மாஸ்டரம்மாட்ட நேர போயி, பால் இல்லம்மா, இம்புட்டுத்தான் முடியும்னேன். 'சாலு, லட்டு வேற இருக்கு'ன்னுட்டாக. ரெண்டு நிமிசம் ஆகல."

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொல்ல வந்தேன். 'என் பொறுப்பு'ன்னீக."

நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். மலை நன்றாகத்தான் இருந்தது.

"நேத்துச் சொல்லியிருக்கலாம்லா. நான் எட்டு நிமிசந்தான் ஆவி குடுத்திருந்தேன். ஊரே வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடும்னு நெனச்சு நெனச்சு, ஒரு கிலோ கோவாவ நானே தின்னு..."

"ஒரு கிலோவா?"

முதல் முறையாக அவள் குரல் மாறியது. சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தச் சோயாவ நான் கோவாவுலயே ஊத்தியிருந்தாலும் என்ன ஆயிருக்கும்? கோவான்னா முக்கா மணி நேரம் அடுப்புல கெடந்து கொதிக்கும். பொறவு அதுல பச்சையா என்ன மிஞ்சும்? ஒரு வயிறும் கெட்டிருக்காது. இருபத்திரண்டு வருசமா பாய்லர் பாக்கீக."

உண்மைதான். சூட்டை வைத்தே சோறு சாப்பிடுகிறவன் நான். நீராவியை யோசித்த எனக்கு நெருப்பும் சூடுதான் என்று தோன்றவில்லை. மூன்று நாளாக ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

"அந்தக் கேன என்ன செஞ்சே?"

"பாக்கிப் பன்னெண்டு நிமிசத்துக்குப் பதிலா இருபது நிமிசமே குடுத்தேன். நீங்க போகையில பாய்லரு சூடாத்தான் இருந்துச்சு. வால்வத் தெறக்கப் பெரிய படிப்பா வேணும்? வாடை போயிருச்சு. பொறவு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திரிய விட்டு, துணியில கட்டித் தொங்க விட்டேன். கட்டியா வந்துச்சு. நோட்டீசுல பின்பக்கம் போட்டிருக்கு."

"அது இப்ப எங்க?"

"நேத்து ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீகளே. முட்டைன்னு."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அது நேற்று ஒன்றும் சொல்லவில்லை. இன்று பேசுவதெல்லாம் சுத்தமான பசும்பாலும் சீனியும்தான்.

"மிச்சத்தத்தான் மாஸ்டரம்மாவுக்குக் கொண்டு போனேன். மாதர் சங்கத்துல அவுகதான் தலைவி. சோழபுரத்துல பால்வாடி நடத்துதாக. நாப்பது பிள்ளைக. இந்தக் கோடையில பாலு கெடைக்காம வெறுங்கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்குதாம். சோயாப் பாலு காய்ச்சித் தாரேன்னு சொல்லிட்டேன். ஒங்க பாத்திரம் நல்ல பாத்திரந்தான். கோவாவுக்குத்தான் ஆகாது. இதுக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கு."

அவள் வாயிலிருந்து என் பாத்திரத்துக்கு ஒரு நல்ல வார்த்தை. வயிற்று வலியிலும் எனக்குக் கண் கலங்கியது. நாற்பது பிள்ளைகள் என் நீராவியில் வெந்த பாலைக் குடிக்கப் போகின்றன. போகட்டும், தோற்றாலும் உருப்படியாகத் தோற்றிருக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மோரும் வெந்தயமும் கொடுத்தாள். படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்டு. உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் கூப்பிட்டார். கல்யாணக் களைப்பிலும் முகம் மலர்ச்சியாக இருந்தது. கோவா பிரமாதம் என்றார். பெரியப்பா இன்னும் அதைப் பற்றியே பேசுகிறாராம். வயிறு எல்லாருக்கும் சௌக்கியமா என்று கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று மூடிக்கொண்டேன்.

"அப்புறம், உங்க லெட்டரப் பாத்தேன். சந்தோஷம். அப்படியே செஞ்சுடலாம்."

"எந்த லெட்டர் சார்?"

மேஜை மேல் இருந்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார். மாஸ்டரம்மா கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறது. சனிக்கிழமை தேதி போட்டிருந்தது. மாஸ்டரம்மா சோயாக் கட்டியை வாயில் வைப்பதற்கு ஒரு நாள் முந்தி.

'ஐயா, வணக்கம். என் மனைவி சோழபுரம் பால்வாடிப் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் சோயாப் பால் காய்ச்சிக் கொடுக்க இருப்பதால், கிரைண்டர் சுற்றவும், நீராவிப் பாத்திரத்தைக் கவனிக்கவும், கேன் தூக்கவும் அவளுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. ஆகவே எனக்கு நிரந்தரமாகச் சாயங்கால ஷிப்டு தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அந்த மில்லில் இதுவரைக்கும் யாரும் தானாக நிரந்தரச் சாயங்கால ஷிப்டு கேட்டது கிடையாது. கீழே கையெழுத்தைப் பார்த்தேன். ஏசுவடியான் என்றுதான் இருந்தது. நான் போடுவதைவிட நன்றாக இருந்தது.